குதிகாலைப் பிடித்த கை

போன மாதம் எங்கள் பழைய ஆஸ்பத்திரிப் பக்கம் போனபோது, புதிதாக வந்திருக்கும் எலும்பு டொக்டர் தம்பி என்னைப் பிடித்து உட்கார வைத்தார். கணுக்கால் பிசகி, எலும்புகளைச் சேர்த்துப் பிடிக்கும் நார் அறுந்தால் இப்போது அந்த நாரையே இழுத்துத் தைத்துவிடுகிறார்களாம். சின்னக் காயம், ஆறு வாரத்தில் நடை. “உங்க காலத்துல பக்கத்துத் தசைநாணை அறுத்து எடுத்து எலும்புக்குள்ள கோப்பீங்களாமே, பெரியவரே? எப்படின்னு எழுதிக் கொடுங்களேன்” என்றார். நான் டொக்டர் இல்லை, ஒப்பரேஷனில் கால் பிடித்தவன் மட்டும்தான் என்றேன். “அத எழுதினவங்கதான் யாரும் இல்ல” என்றார். பேச்சில் கெட்டிக்காரர்.

சுதந்திரம் கிடைத்ததற்கு மறு வருஷம் நான் வேலைக்குச் சேர்ந்தேன். நோட்டன் பிரிட்ஜ் போகிற பாதையில் நாலைந்து தோட்டங்களுக்குச் சேர்த்து ஒரு ஆஸ்பத்திரி இருந்தது. முப்பது கட்டில், ஒரு ஒப்பரேஷன் அறை. லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டில் பிறந்த பையனான எனக்கு முதல் இரண்டு வருஷம் தரை கழுவுவதும் கட்டுத்துணி அவிப்பதும்தான் வேலை. பிறகு பிளாஸ்டர் போடக் கற்றுக்கொண்டேன். அப்போது பிளாஸ்டர் கட்டு கடையில் சுருட்டி வராது. மெல்லிய துணிப் பட்டையை மேசையில் விரித்து, பிளாஸ்டர் மாவை உள்ளங்கையால் தேய்த்து ஏற்றி நாங்களே சுருட்டவேண்டும். எங்கள் ஊர் மழைக்கு அது மூன்று நாளானாலும் காயாது. ஈரக் கட்டோடு கிடக்கிறவரின் கட்டிலை அடுப்படிப் பக்கம் தள்ளிக்கொண்டு போய் வைப்பேன். சமையல்காரர் திட்டுவார். மற்றபடி நான் படித்ததாகச் சொல்ல ஒன்றுமில்லை.

மாதத்தில் இரண்டு சனிக்கிழமை டொக்டர் நமசிவாயம் வருவார். யாழ்ப்பாணத்துக்காரர், சீமையில் எலும்பு வைத்தியம் படித்தவர். மெலிந்த ஆள். சப்பாத்து எப்போதும் பளபளவென்று இருக்கும். கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கிவிடும், காதைத் தீட்டிக்கொண்டு கேட்கவேண்டும். நம்மிடம் ஒரு வேலையைச் சொன்னால், என்ன சொன்னேன் என்று திருப்பிச் சொல்ல வைப்பார். “நான் சொன்னது எனக்குத் தெரியும். நீர் கேட்டது என்ன எண்டு சொல்லும்” என்பார். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு வீட்டில் என் மனைவியிடமும் அப்படிக் கேட்க ஆரம்பித்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஐம்பதுகளின் கடைசியில் செல்லாயி வந்தாள். இருபத்தாறு வயது, கொழுந்து பறிக்கிறவள். புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். இரண்டு சின்னப் பிள்ளைகள். மழை நாளில் நிறைந்த கூடையோடு கானைத் தாண்டும்போது வலது கால் உள்பக்கமாக மடிந்திருக்கிறது. கான் என்றால் மலையில் தண்ணீர் ஓட வெட்டியிருக்கும் வாய்க்கால். எண்ணெய் போட்டுக் கட்டினார்கள், வீக்கம் வற்றியது, வேலைக்குப் போனாள். பத்து நாளில் மறுபடி மடிந்தது. அதற்குப் பிறகு எத்தனை தடவை என்று அவளுக்கே கணக்கில்லை. கடைசியாகக் கூடையோடு உருண்டு கீழ் றோட்டில் வந்து கிடந்தாள்.

“கண்டாக்கையா சொல்லிட்டாருங்க. இன்னொரு தடவை விழுந்தா பேர வெட்டிருவாங்களாம்” என்றாள். தோட்டத்துப் பெயர்ப் பதிவில் பெயர் வெட்டுப்பட்டால் வேலை போகும். வேலை போனால் அவள் குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போகும், ஏனென்றால் அது புருஷன் செத்தபின் அவள் பெயரில் நிற்கிறது. தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் அந்தக் கண்டாக்கு கெட்டவர் என்று சொல்லமாட்டேன். அந்தக் காலத்துத் தோட்டத்தில் அதுதான் நடைமுறை.

டொக்டர் அவள் கெண்டைக்காலை ஒரு கையில் பிடித்து, குதிகாலை மறு கையால் உள்பக்கம் சாய்த்தார். குதி ஆணி கழன்ற பலகை மாதிரி சாய்ந்துகொண்டே போனது. எக்ஸ்றே படம் எடுக்க நுவரெலியாவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். குதியைச் சாய்த்துப் பிடித்தபடி எடுத்தால்தான் இடைவெளி தெரியும், பிடித்தது நான். படத்தில் கணுவின் வெளிப்பக்கம் ஒரு விரல் போகிற அளவுக்குத் திறந்து கிடந்தது.

“நார் பிய்ஞ்சு பிய்ஞ்சு பஞ்சாப் போச்சு. தைக்கிறதுக்கு ஒண்டும் மிச்சமில்லை. புதுசா ஒண்டு கட்டவேணும்” என்றார் டொக்டர்.

அந்த ஒப்பரேஷனை அவர் முன்பு இரண்டு பேருக்குச் செய்திருந்தார். ஒருவர் பந்து விளையாடுகிற வெள்ளைக்காரத் துரை, இன்னொருவர் தபால்காரர். இரண்டும் நன்றாக வந்திருந்தன. வெளிக்கணுவுக்குப் பின்னால் இரண்டு தசைநாண்கள் அடுத்தடுத்து இறங்குகின்றன. பாதத்தை வெளிப்பக்கம் இழுப்பது அவற்றின் வேலை. ஒன்றை எடுத்தாலும் மற்றது சமாளித்துக்கொள்ளும் என்பது கணக்கு. சின்ன நாணை மேலே தசையோடு சேருமிடத்தில் அறுப்பார். கீழ் முனை பாத எலும்போடு ஒட்டியபடியே இருக்கும். அறுத்த தசையின் நுனியை வீணாக விடாமல் பக்கத்து நாணோடு தைத்துவிடுவார். பிறகு கணு எலும்பில் பின்னாலிருந்து முன்னால் ஒரு துளை, அதற்கு அடியில் இருக்கும் எலும்பின் கழுத்தில் ஒரு துளை. கையால் சுற்றுகிற துளைப்பான்தான். ஓரத்துக்குப் போனால் எலும்பு பிளந்துவிடும், அதனால் சுற்றும்போது அவர் மூச்சுவிடுவதுகூடக் கேட்காது. நாணை முதல் துளையில் நுழைத்து, இரண்டாவதில் வாங்கி, திரும்பக் கணுவுக்கே கொண்டு வந்து பட்டு நூலால் தைப்பார். அறுந்த நாரின் இடத்தில் இனி அதுதான் நார்.

இதிலே எனக்கு ஒரே வேலை. கடைசியில் நாணை இழுத்து இறுக்கித் தைக்கும்போது பாதத்தைச் சரியான கோணத்தில் பிடித்துக்கொள்வது. அந்த நேரத்தில் கால் எப்படி இருக்கிறதோ, ஆயுசுக்கும் அப்படித்தான். பாதத்தை வெள்ளைத் துணியில் பொதிந்திருப்போம். குதி எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது பிடித்திருக்கும் கைக்கு மட்டும்தான் தெரியும்.

முதல் நாள் மாலை அவள் என்னிடம், “அண்ணே, உள்ளத சொல்லுங்க. காலு நிக்குமா?” என்று கேட்டாள். “நிக்கும்மா, நான் பாத்துக்கிறேன்” என்று சொல்லிவிட்டேன். டொக்டர்கூட அப்படிச் சொல்லியிருக்கமாட்டார். கால் பிடிக்கிறவனுக்கு ஏன் இந்தப் பெரிய வாய் என்று பிறகு எத்தனையோ தடவை என்னையே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் காலையில் மருந்தறையைப் பார்க்கும் டிஸ்பென்சர் மயக்க மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார். ரத்தம் வராமல் இருக்கத் தொடையில் ரப்பர் கட்டு. துளை இரண்டும் பழுதில்லாமல் விழுந்தன. நாணை இழுக்கும் நேரம் வந்தது.

“குதியை நேராப் பிடியும். ஒரு நூலளவு வெளிப்பக்கம். அதுக்கு மேல வேண்டாம். என்ன சொன்னனான்?”

“நேரா, ஒரு நூலளவு வெளிப்பக்கம், ஐயா.”

சொன்னேன். சொன்னதைச் செய்யவில்லை. அவர் ஊசியை எடுக்கக் குனிந்தபோது என் கை குதியை இன்னும் வெளிப்பக்கம் திருப்பியது. கை வழுக்கியது என்று எழுதினால் பொய். தெரிந்துதான் திருப்பினேன். விறகுக் கட்டின் கயிற்றை இன்னொரு சுற்று இறுக்கினால் மலை இறங்கும்போது அவிழாது, அந்தப் புத்திதான் எனக்கு. உள்பக்கம் மடிந்துதானே விழுகிறாள், மடியவே முடியாமல் செய்துவிட்டால் விழமாட்டாள் அல்லவா. அவர் தைத்து முடிக்கும்வரை நான் அசையவில்லை. “நல்லாப் பிடிச்சீர்” என்று வேறு சொன்னார்.

எட்டு வாரம் பிளாஸ்டர். பிரித்த அன்று டொக்டர் குதியைச் சாய்த்துப் பார்த்தார். அசையவில்லை. கொஞ்ச நேரம் கையை எடுக்காமல் வைத்திருந்தார். “நல்லா இறுகியிருக்கு. போகப் போக இளகும்” என்றார். அவள் வராந்தாவில் நடந்தாள், படியில் ஏறி இறங்கினாள், சிரித்தாள். இளகாது என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. நடக்கிறாளே, பிறகென்ன என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்துக் கண்டாக்கிடமிருந்து கடிதம் வந்தது. இந்தப் பெண் பாதி நேரம் நன்றாக வேலை செய்கிறாள், பாதி நேரம் செடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், நடிக்கிறாளோ என்று சந்தேகம், வேலைக்கு லாயக்கா இல்லையா என்று ஒரே வார்த்தையில் எழுதவும் என்றிருந்தது. டொக்டர் அதை இரண்டு தரம் படித்தார்.

“நடிக்கிற ஆள் முழு நேரமும் அல்லோ நடிக்கும்? நீர் மலையில பிறந்தனீர். போய்ப் பாத்துக்கொண்டு வாரும்” என்றார்.

போனேன். அந்த மலையில் தேயிலை வரிசைகள் குறுக்காக ஓடுகின்றன. ஒருத்திக்கு ஒரு வரிசை, அதற்கு நிரை என்று பேர். ஒரு தலைப்பில் றோட்டு, மறு தலைப்பில் பெரிய கான். பெண்கள் றோட்டுப் பக்கமிருந்து பறித்துக்கொண்டு கான்வரை போவார்கள், அங்கே மேல் நிரைக்கு ஏறி, திரும்பிப் பறித்துக்கொண்டு றோட்டுக்கு வருவார்கள். செல்லாயி போகும்போது பார்த்தேன். இரண்டு கையும் செடிமேல் ஓட, மற்றவர்களைவிட நாலு செடி முன்னால் போனாள். கானில் எல்லோரும் திரும்பினார்கள். அவளும் திரும்பினாள். மூன்றாவது செடியிலேயே நின்றுவிட்டாள்.

கிட்டப் போய்க் காலைப் பார்த்தேன். போகும்போது மலை அவளுக்கு வலது கைப் பக்கம், வலது கால் மேட்டில். திரும்பினால் மலை இடது பக்கம், வலது கால் பள்ளத்தில். பள்ளத்துக் கால் உள்பக்கம் மடிந்து கொடுத்தால்தான் பாதம் சரிவில் படியும். செல்லாயியின் பாதம் மடியவில்லை. உள்விளிம்பு மட்டும் மண்ணில் இருந்தது, வெளிவிளிம்பு அந்தரத்தில் நின்றது. சப்பாத்துப் போட்டுச் சமதரையில் ஓடுகிற துரைக்கும் தபால்காரருக்கும் இப்படி இறுகியிருந்தால்கூடத் தெரிந்திருக்காது. வெறுங்காலோடு மலையில் குறுக்கே நடந்து வளர்ந்த எனக்கு அது தெரிந்திருக்கவேண்டும். முதல் முதல் விழுந்தபோது மலை எந்தப் பக்கம் இருந்தது என்று ஆஸ்பத்திரியில் ஒருத்தரும் அவளைக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

பகல் சாப்பாட்டு நேரத்தில் அவள் காலைக் காட்டினாள். கணு வீங்கி, தோல் கன்றிப்போயிருந்தது.

“விழுந்தியா?”

“இல்லண்ணே. டொக்டர் ஐயா போகப் போக இளகும்னாரில்ல? தெனம் அந்திக்கு லயத்துக்குப் பின்னால சரிவுல நின்னு மடக்கிப் பாக்கிறேன். வலி உசுரு போகுது. எனக்குத்தான் பொறுக்கத் தெரியல போல.”

அதற்குமேல் என்னால் மறைக்க முடியவில்லை. சொன்னேன். டொக்டர் சொன்னது இவ்வளவு, நான் திருப்பிப் பிடித்தது இவ்வளவு, இது எத்தனை மடக்கினாலும் இளகாது என்று எல்லாவற்றையும் சொன்னேன். நல்லதுக்கென்று நினைத்துத்தான் செய்தேன் என்றும் சொன்னேன்.

அவள் காலை இழுத்துச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள்.

“அது சரி. புடிக்கையில நல்லதுன்னு நெனச்சீங்க. கட்டுப் பிரிச்ச அன்னிக்கே தெரியுமில்ல? அன்னிக்குச் சொல்லியிருந்தா இந்த மூணு மாசம் நான் இதப் போட்டு மடக்கியிருக்க மாட்டேனே.”

சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை என்றிருந்தது. நான் அவளுக்குச் செய்த இரண்டு தவறில் பெரியது எது என்று அவள் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை டொக்டரிடம் சொன்னேன். வேலை போகும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து வலது சப்பாத்தையும் மேஸ் என்கிற காலுறையையும் கழற்றினார். மேசைமேல் காலை நீட்டி, ஒரு துணியை எடுத்துப் பாதத்தின்மேல் தானே போட்டுக்கொண்டார்.

“அண்டைக்குப் பிடிச்ச மாதிரிப் பிடியும்.”

பிடித்தேன். கை அந்தக் கோணத்தை மறந்திருக்கவில்லை.

“அசைக்காதையும்” என்று சொல்லிவிட்டுத் துணியை விலக்கித் தன் குதியைக் குனிந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். அவர் பாதம் சில்லென்று இருந்தது.

“ஓம். இப்ப விளங்குது” என்றார். பிறகு, “தைக்க முன்னம் நான் துணியை விலக்கிப் பாத்திருக்கவேணும். பாக்காதது என்ரை பிழை. நீர் சொல்லாமல் விட்டது உம்மடை பிழை. இரண்டையும் எழுதி வைப்பம்” என்றார். ஒப்பரேஷன் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி, செல்லாயியின் பக்கத்தைத் திறந்து, அப்படியே எழுதினார். என்னைத் திட்டவில்லை. அவர் குரல் அவ்வளவு இறங்கி அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை.

காலை மறுபடி திறந்து நாணைத் தளர்த்தலாம், ஆனால் கணு பழையபடி ஆடவும் கூடும், அவளே சொல்லட்டும் என்றார். கேட்கப் போனேன். அவள் என்னை உட்காரச் சொல்லவில்லை. ஆனால் பதிலை ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தாள்.

“கத்தி வேணாம். மலை வலது கைப் பக்கம் இருந்தா நான் யாருக்கும் எளச்சவ இல்ல. அத டொக்டர் ஐயாவ எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க. மத்தத நான் பேசிக்கிறேன்.”

டொக்டர் சிரிக்காமல் எழுதினார். வேலைக்கு லாயக்கு, மலை எப்போதும் இவளது வலது கைப் பக்கம் இருக்கவேண்டும். கீழே கையெழுத்து.

கண்டாக்கு அந்தத் துண்டைப் பெரட்டுக்களத்தில், காலையில் ஆள் எண்ணுகிற நேரத்தில், எல்லோர் முன்னாலும் படித்தார். “இது டொக்டர் சீட்டா, சாத்திரக்காரன் சீட்டா?” என்றார். கொழுந்து பறிக்கிற கும்பல் சிரித்தது. நான் பக்கத்தில்தான் நின்றேன்.

செல்லாயி முன்னால் வந்தாள். “ஐயா, எல்லாரும் கான்ல திரும்பி வருவாங்க. நான் திரும்பி வரமாட்டேன். ஒத்தையடிப் பாதையில நடந்து றோட்டுக்கு வந்து, அங்கேருந்து என் நிரையப் புடிப்பேன். பாதை சமமாத்தான இருக்கு, கால் நிக்கும். எனக்குக் கொடுத்த நிரைய நான் முடிச்சா போதுமில்ல?”

“ஒருத்திக்காக நிரைய மாத்தினா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க” என்றார் கண்டாக்கு.

அப்போது கும்பலுக்குப் பொறுப்பான வயசான கங்காணி தலையைச் சொறிந்துகொண்டு, “எந்தப் பக்கமிருந்து பறிக்கிறான்னு செடிக்குத் தெரியவா போகுதுங்க? ஒரு வாரம் பாப்போங்க” என்றார். கண்டாக்கு அவளைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், சரி என்றார்.

அந்த வாரத்தில் அவள் ஒரு நிரையும் குறையவில்லை. பெயர் வெட்டுப்படவில்லை. காம்பரா அவள் பெயரிலேயே இருந்தது.

அதன்பின் டொக்டர் நமசிவாயம் அங்கே இன்னும் ஐந்து பேருக்கு அந்த ஒப்பரேஷன் செய்தார், நான்கு பேர் தோட்டத்து ஆட்கள். பாதத்தைத் துணியில் பொதிவதை நிறுத்தினார். நாணை இறுக்குவதற்கு முன் தைக்காமல் பிடித்துக்கொண்டு, குதியை உள்பக்கம் சாய்த்துப் பார்ப்பார், சரிவில் நிற்கிற அளவுக்கு மடிகிறதா என்று என்னைக் கேட்பார். மடிகிறது என்று நான் சொன்ன பிறகுதான் ஊசி போகும். பிடித்தவர் பெயர் என்று புத்தகத்தில் புதிதாக ஒரு வரி வந்தது. அந்த ஐந்து பேரும் இரண்டு பக்கமும் நடந்தார்கள். அதைப் பெருமையாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அந்தப் பாடத்துக்குக் கால் கொடுத்தவள் வேறொருத்தி.

அறுபத்திரண்டு வாக்கில் வேறொரு நோயாளியைப் பார்க்க அந்தத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். கும்பல் அதே மலையில் நின்றது. கானுக்குப் போய்ச் சேர்ந்த பெண்கள் மேல் நிரைக்கு ஏறித் திரும்பினார்கள். அந்த நேரத்தில்தான் அவர்கள் பேச்சு தொடங்கும். யார் வீட்டுக் கல்யாணம், யார் மகன் படிப்பை விட்டான் எல்லாம் அப்போதுதான். செல்லாயி மட்டும் கூடையைச் சரிசெய்துகொண்டு ஒத்தையடிப் பாதையில் தனியாக றோட்டுப் பக்கம் வந்தாள். வேகமாகத்தான் வந்தாள், கால் துளியும் பிசகவில்லை.

என்னைக் கண்டு நின்றாள். பிள்ளைகளைப் பற்றிக் கேட்டேன், சொன்னாள். “நடக்கிறது சிரமமா இருக்கா?” என்று கேட்டேன்.

“நடை என்னங்க நடை. அதெல்லாம் பழகிருச்சு” என்றாள். பின்னால் திரும்பிக் கும்பலைப் பார்த்தாள். அங்கே யாரோ ஏதோ சொல்ல எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். “அவங்க என்ன பேசுறாங்கன்னுதான் தெரியாது. நான் அந்தப் பக்கம் போய்ச் சேர்றப்ப பேச்சு முடிஞ்சிருக்கும்.”

அவள் றோட்டுத் தலைப்பில் தன் நிரையைப் பிடித்து, மலையை வலது பக்கம் வைத்துக்கொண்டு, பறிக்க ஆரம்பித்தாள்.